கசிவும் ஒரு பாசனமே
- இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன், ஆலத்தூர் நாடு, கொல்லிமலை



எங்கள் மலையில் பள்ளத்தில் ஓடைத் தண்ணீரைத் திருப்பி நெல் போடுவார்கள். சரிவில் சாமை, கேழ்வரகு. இப்போது மரவள்ளிதான் அதிகம். "தண்ணி எட்டுற வரைக்கும்தான் வயலு, மீதி காடு" என்பார் எங்க அப்பா. எழுதப் படிக்கத் தெரியாதவர். பாசனப் பொறியியலின் முதல் பாடம் அதுதானே!

இதையே கீழ்நாட்டில், பவானி ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெரிய அளவில் பார்க்கலாம். காளிங்கராயன் வாய்க்கால் 1283-இல் முடிந்ததாகச் சொல்வார்கள். நீளம் சுமார் 90 கி.மீ. டம்பி லெவலும் ஸ்டாஃபும் இல்லாத காலம்! பாம்பு போன வழியில் வெட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. சர்வே படித்த நமக்குத் தெரியும், சம உயரக் கோட்டை ஒட்டிப் போகிற வாய்க்கால் வளைந்துதான் போகும். அதன் கரையில் மஞ்சள், வாழை, கரும்பு, நெல்.

பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தது. அதிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் 200 கி.மீ. பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் காணாது. எனவே ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒரு வருடம் நெல்லுக்குத் தண்ணீர் விட்டால், மறு பாதிக்குக் கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்கு விடுவார்கள். அடுத்த வருடம் மாறும். நிலத்தில் என்ன விளையணும் என்பதை மதகின் நம்பரே தீர்மானிக்கிறது!

இனி தகராறான விஷயம். இது மண் வாய்க்கால், கசியும். நம் பாடப்புத்தகம் கசிவை 'இழப்பு' என்ற தலைப்பில் போடுகிறது. 2020-இல் அரசு கான்கிரீட் போட உத்தரவிட்டபோது விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்காரர் தண்ணீர் வந்து சேரவில்லை என்கிறார், அது நியாயம். கரையோரத்துக்காரர் கசிவு நின்றால் கிணறு வற்றும், தென்னை காயும், குடிதண்ணீரும் போகும் என்கிறார். அதுவும் நியாயம்தான். மதகு அடைத்த மாதங்களில் அந்தக் கிணறுகள்தானே பயிரைக் காப்பாற்றுகின்றன?

என் அபிப்பிராயம் இது: உடையும் கரையையும் பழுதான மதகையும் பலப்படுத்தலாம், தரையை மண்ணாகவே விடலாம். எஸ்டிமேட் போடுகிறவர் சிமெண்ட் மூட்டையை எண்ணும் முன், வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதும் நின்ற பிறகும் அக்கம்பக்கக் கிணறுகளில் கயிறு விட்டு அளந்து பார்க்கட்டும். ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும்; லேபில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய கருவியே இல்லை.