பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர், ஒரு லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். மரக்காணத்தில் இருக்கும் அவர் தம்பிக்கு, பிளஸ் டூ படிக்கையில் தமிழக அரசு கொடுத்தது. (அந்தத் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது.) 2 ஜிபி ராம், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். டெஸ்க்டாப் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

"பாப்பாவுக்கு காலேஜ்ல பைத்தான் நடத்துறாங்களாம். புதுசு வாங்க இப்ப முடியாது தம்பி, இது ஓடுமா? உள்ள அப்பா போட்டோ இருக்கு, அது மட்டும் போயிடக் கூடாது" என்றார்.

ஓடும். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டதால், இன்டர்நெட்டில் இணைக்க அது ஏற்றதல்ல. லினக்ஸ்தான் வழி.

லினக்ஸில் பல வகைகள் உண்டு, டிஸ்ட்ரிபியூஷன் என்பார்கள். எல்லாவற்றிலும் கெர்னல் ஒன்றுதான். எடை கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அதன் மேல் இயங்கும் டெஸ்க்டாப்பால். 4 ஜிபி ராம் இருந்தால் யோசிக்காமல் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். விண்டோஸ் பழகிய கைக்கு அது சுலபம். 2 ஜிபி அல்லது அதற்கும் கீழே என்றால் என் தேர்வு ஆன்டிக்ஸ். 512 எம்பியிலும் ஓடும். அழகு கொஞ்சம் குறைவுதான்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்தது. அதைப் பார்த்துவிட்டு லேப்டாப்பே 32 பிட் என முடிவு செய்யாதீர்கள். ப்ராசசர் 64 பிட்டாக இருக்கலாம். முதலில் 64 பிட் பதிப்பை முயலுங்கள். ப்ராசசர் ஏற்காவிட்டால் பூட் ஆகும்போதே பிழைச் செய்தி வந்து நின்றுவிடும். டிஸ்க்குக்கு எந்தச் சேதமும் இல்லை. அப்போது ஆன்டிக்ஸ் 23ன் 32 பிட் பதிப்பை எடுக்கலாம். டெபியன் 13 (2025) 32 பிட் இன்ஸ்டாலரையே கைவிட்டுவிட்டது.

வேறொரு கம்ப்யூட்டரில் ரூஃபஸ் புரோகிராம் மூலம் ஐஎஸ்ஓ ஃபைலை 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பது அழியும், கவனம். அதைச் செருகி ஆன் செய்தவுடன் எஃப்12 (சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்) கீயைத் தட்டினால் பூட் மெனு வரும். இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் இயங்கும். வைஃபை, ஸ்பீக்கர், டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என இப்போதே பாருங்கள்.

அடுத்து, இன்ஸ்டால் பட்டனைத் தொடாதீர்கள்! ஃபைல் மேனேஜரில் விண்டோஸ் டிரைவைத் திறந்து, போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். கல்லூரியில் படிக்கையில் நான் அவசரத்தில் "முழு டிஸ்க்கையும் பயன்படுத்து" என்ற ஆப்ஷனை க்ளிக் செய்து, இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை இழந்தவன். அக்காவின் லேப்டாப்பில் உப்புக் காற்றில் ஒரு யுஎஸ்பி போர்ட் துருப்பிடித்திருந்தது. இரண்டு முறை பாதியில் நின்று, மூன்றாம் முறைதான் எல்லாம் வந்தது.

ப்ராசசர் 64 பிட்டாகவே இருந்தது. ஆன்டிக்ஸ் போட்டு, சினாப்டிக் மூலம் தானி என்ற பைத்தான் எடிட்டரையும் சேர்த்தேன். பிரவுசரில் மூன்று டேபுக்கு மேல் திறந்தால் திணறும். வீடியோவை 480பியில் பார்க்கலாம். பேட்டரி செத்துவிட்டதால், கரன்ட் போனால் எழுதியதும் போகும். கன்ட்ரோல் எஸ் அழுத்தப் பாப்பாவைப் பழக்கியிருக்கிறேன்.