வீட்டுத் தச்சுவேலையில் மின்வாளும் றவுட்டரும்

இடம்பெயர்ந்து காணிக்குத் திரும்பியவர்களுக்கு வயல் வேலையோடு வீட்டு வேலையும் சேர்ந்தே வருகிறது. நிலை, கதவு, சலாகை, மாட்டுக்கொட்டில் என எல்லாவற்றுக்கும் மரம் அரியவேண்டும். மின்கருவிகள் கூலியை மிச்சப்படுத்தும். ஆயினும் கமக்காரருக்குக் கையே முதல். விரல் போனால் மண்வெட்டியும் பிடிக்க முடியாது. எனவே தெரிந்து வாங்குவோம், அறிந்து பாவிப்போம்.

1. எதை வாங்குவது?

முதலில் வட்ட மின்வாள். தவாளிப்பு வெட்டவும் விளிம்பு உருட்டவும் உதவும் றவுட்டரை, கதவு யன்னல் செய்யத் தொடங்கிய பின் வாங்கலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி வாங்குவதும் நன்று.

185 மில்லிமீற்றர் தகடுள்ள வாள் வீட்டுக்குப் போதும். அது ஏறத்தாழ 60 மில்லிமீற்றர் ஆழம் வெட்டும். 3 அங்குல நிலைமரத்தைத் திருப்பிப் போட்டு இரு பக்கமும் வெட்டவேண்டும். நெடுக்காக அரிய 24 பல், குறுக்காகத் துப்புரவாக வெட்ட 40 பல் உள்ள தகடு ஏற்றது. பனை வைரம் சாதாரண உருக்குப் பல்லை விரைவில் மழுக்கிவிடும். காபைட் பல் பதித்த தகட்டைக் கேட்டு வாங்குங்கள்.

நமது மின்சாரம் 230 வோல்ற்று. கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் 120 வோல்ற்றுக் கருவியை நேரே செருகினால் எரிந்துவிடும்.

2. மரத்தைச் சோதியுங்கள்

உடைந்த வீட்டு மரங்களில் ஆணி இருக்கும். 2009 வரை போர் நடந்த இடங்களில் நின்ற பனை, தென்னைகளுள் சன்னமோ ஷெல் துண்டோ புதைந்திருக்கலாம். தகடு அதில் பட்டால் பல் தெறிக்கும். காந்தத்தால் தடவிப் பாருங்கள். ஆனால் ஆழத்தில் உள்ளதைக் காந்தம் காட்டாது. துளையோ தழும்போ கண்டால் அத்துண்டை ஒதுக்கிவிடுங்கள், அடுப்பிலும் வைக்கவேண்டாம்.

3. வாளைப் பாவித்தல்

- மரத்தைக் கிளாம்பினால் இறுக்குங்கள். காலால் மிதித்துக்கொண்டு வெட்டாதீர்கள்.
- தகடு மரத்துக்குக் கீழே கால் அங்குலம் மட்டும் தெரியட்டும்.
- வெட்டு வாய் நெருங்கித் தகட்டைக் கவ்வினால் வாள் பின்னோக்கி உதைக்கும். அதற்கு நேர் பின்னால் நில்லாதீர்கள்.
- தகட்டு மூடியைக் கட்டி வைக்கவேண்டாம்.
- சால்வை, தொங்கும் சேலைத் தலைப்பு, கையுறை ஆகியன ஆகா. கண்ணாடியும் மூக்குத் துணியும் அவசியம்.
- தகடு மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

4. றவுட்டரைப் பாவித்தல்

அலகின் தண்டை முக்கால் பங்காவது உள்ளே செலுத்தி இறுக்குங்கள். 12 மில்லிமீற்றர் தவாளிப்பை ஒரே தடவையில் வெட்டாமல், 3 மில்லிமீற்றராக நான்கு தடவையில் வெட்டுங்கள். விளிம்பு சீவும்போது, அவ்விளிம்பு உங்களை நோக்கியிருக்க, இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். மாறித் தள்ளினால் கருவி கையை இழுத்துக்கொண்டு ஓடும்.

கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் கூட்டாக வாங்கும் கருவிக்கு யார் பொறுப்பு?
2. பழகாதவருக்கும் சிறுவருக்கும் அது எட்டாதபடி எங்கே வைப்போம்?