வேர்ச்சிகிச்சை: நோயாளி அறிய வேண்டுவன

முன்னுரை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டி நிறைவுறுகிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்னும் அந்நான்கனுள் நோயுற்றவனே முதலில் வைத்து எண்ணப்படுகிறான். தனக்குச் செய்யப்படுவது யாதென அறியும் கடமை நோயாளிக்கும் உண்டு என்பது இதனாற் பெறப்படும். அபிராமபுரம், மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் பல் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் ‘ரூட் கெனால்’ என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே அஞ்சி, மாதக்கணக்கில் வலியைப் பொறுத்திருப்போர் பலர். அச்சிகிச்சையின் இயல்பை மாணவரும் அவர்தம் வீட்டாரும் அறியுமாறு கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்லின் அமைப்பு

புலவர்கள் பல்லை முத்துக்கும் முல்லை அரும்புக்கும் ஒப்பிட்டனர். இவற்றுள் அரும்பே பொருத்தமான உவமை எனலாம்; ஏனெனில் பல் உயிருள்ளது. வெளியே எனாமல், அதனுள் டென்டின், நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் என அது மூன்று அடுக்காய் அமைந்தது. கூழ் வேரின் நுனிவரை மெல்லிய கால்வாய்களில் இறங்குகிறது. முன்பற்களில் பெரும்பாலும் ஒரு கால்வாயும், கடைவாய்ப் பற்களில் மூன்றோ நான்கோ கால்வாய்களும் இருக்கும்.

சொத்தை ஆழ்ந்து கூழை எட்டும்போது கூழ் அழற்சியுறுகிறது. உடலின் பிற பகுதி வீங்கினால் தோல் விரிந்து இடம் தரும். பல்லின் சுவரோ விரியாது. உள்ளே அழுத்தம் மிகுதலால்தான் பல்வலி அத்துணைக் கடுமையாகிறது. குளிர்நீர் பட்டபின் நெடுநேரம் நீடிக்கும் வலி, படுத்தவுடன் மிகும் வலி, கடித்தால் எழும் வலி ஆகியன இதன் அறிகுறிகள். சில நாளில் வலி தானே நின்றுவிடுவதும் உண்டு. அதனை நோய் தீர்ந்ததாகக் கொள்ளலாகாது. கூழ் இறந்தமையால் வலி நின்றிருக்கலாம். கிருமிகளோ வேர் நுனியைக் கடந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கும்.

சிகிச்சையின் படிகள்

முதலில் எக்ஸ்ரே எடுத்து வேரின் நிலை அறியப்படும். நீரிழிவு, இதய வால்வு நோய், மருந்து ஒவ்வாமை, கருவுற்றிருத்தல், இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மாத்திரை ஆகியவற்றை நோயாளி அப்பொழுதே கூறிவிட வேண்டும்.

அடுத்து மரத்துப்போகும் ஊசி. 1943இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிடோகெயின் என்னும் மருந்தே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. அழற்சி மிக்க கீழ்க்கடைவாய்ப் பல் எளிதில் மரக்காது. வலி தெரிந்தால் கையை உயர்த்திச் சொல்லலாம், மருத்துவர் மேலும் மருந்து செலுத்துவார். பின்னர்ப் பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர்த் திரை இடப்படும். எச்சில் கால்வாயுள் புகாமலும், கருவி தொண்டையுள் வீழாமலும் இது காக்கிறது.

பல்லின் மேற்பரப்பில் துளையிட்டு, நுண்ணிய அரங்களால் கூழை அகற்றிக் கால்வாயை வடிவமைப்பர். கிருமிகொல்லி நீர்மத்தால் பலமுறை கழுவுவர். தூய்மையான கால்வாயைக் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பொருளால் அடைப்பர். மலாய்ச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தென்கிழக்காசியக் காடுகளின் மரமொன்றிலிருந்து வடிவது. இவையனைத்தும் ஒரே அமர்விலும் முடியலாம். இரண்டு மூன்று அமர்வுகளும் ஆகலாம்.

முதல் அமர்விலேயே வலி நீங்குவதால், பலர் பாதியில் நின்றுவிடுகின்றனர். தற்காலிக அடைப்பு தேய்ந்து, கிருமிகள் மீண்டும் குடிபுக, ஈற்றில் பல்லையே இழக்கின்றனர். அவ்வாறே, சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்கு உறை இடுவதையும் தள்ளிப்போடலாகாது. சொத்தையாலும் துளையாலும் மெலிந்த பல் கடிக்கும்போது பிளந்துவிடக்கூடும்.

சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது இலேசான வலி இருத்தல் இயல்பு. வீக்கம் பெருகுதல், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாமை ஆகியன இயல்பல்ல. இரவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கருவித் தூய்மை

2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையோடு தொடர்புடைய மெலியோய்டோசிஸ் என்னும் தொற்று மூளையைத் தாக்கி எட்டு உயிர்களைக் கொண்டது. உப்புநீர்ப் புட்டியைத் தூய்மையற்ற கருவியால் திறந்து, அதனையே மீண்டும் பயன்படுத்தியது காரணமாகலாம் என 2025இல் வெளியான ஆய்வு சுட்டியது. இஃது அரிதினும் அரிய நிகழ்வே. ஆயினும் “கருவிகள் நீராவிக் கலத்தில் தூய்மை செய்யப்பட்டனவா?” என்று பணிவுடன் வினவும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதை அது வலியுறுத்துகிறது. நல்ல மருத்துவர் அவ்வினாவால் வருந்தார்.

மூன்று தவறான எண்ணங்கள்

மேற்பல்லில் கைவைத்தால் கண்பார்வை போகும் என்பது ஒன்று. பார்வைக்குரியது இரண்டாம் மூளை நரம்பு; பற்களுக்குரியது ஐந்தாம் நரம்பு. இரண்டும் வேறு வேறு. கிருமிகொல்லி மாத்திரை போதும் என்பது மற்றொன்று. இரத்த ஓட்டம் இழந்த கால்வாயுள் மாத்திரையின் மருந்து சென்று சேர வழியில்லை. ஏழைக்கு இச்சிகிச்சை எட்டாது என்பது பிறிதொன்று. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், 1953இல் தொடங்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரி அருகிலேயே உள்ளது. காத்திருக்க நேரும், பல் காக்கப்படும்.

நோன்பும் பல் தூய்மையும்

நோயுற்றவர் நோன்பைப் பின்னொரு நாளில் நிறைவேற்றலாம் என்பது மார்க்கம் தரும் சலுகை. ஆதலால் ரமலானில் கடும் வலியோ வீக்கமோ வந்தால் பெருநாள்வரை பொறுத்திருத்தல் தேவையன்று. அவசரமற்ற அமர்வை நோன்பு திறந்தபின் வைத்துக்கொள்ளலாம். ஐயமுள்ளோர் ஆலிம்களைக் கேட்டுத் தெளிக.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரிதும் விரும்பிய மிஸ்வாக்குச்சி எம்மரத்தினதோ, அம்மரமே குறுந்தொகையும் நற்றிணையும் பாலைநிலத்தில் காட்டும் ‘உகாய்’ என்பர் தாவரவியலார். அரபு நாட்டு வழக்கமும் சங்கத் தமிழும் ஒரு மரத்தடியில் சந்திக்கின்றன. எனினும் குச்சியும் தூரிகையும் வருமுன் காப்பன. கூழை எட்டிய சொத்தையை அவை மீட்கா.

முடிவுரை

வேர்ச்சிகிச்சை வலியைத் தருவதன்று, வலியைத் தீர்ப்பது. காலத்தே செல்லுதல், உள்ளதை மறையாது உரைத்தல், ஐயத்தை வினவுதல், தொடங்கியதை முடித்தல் ஆகிய நான்கும் நோயாளியின் பங்கு. இவற்றை அவன் செய்தால் ஏனைய மூவரின் பணி எளிதாகும்.