இரண்டு கட்சி நாடும் இரண்டு முன்னணி ஊரும்

தேர்தல் காலம் வந்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுவருகிறார்கள். இந்த அமெரிக்காவில் யார் நின்றாலும் ஒரே கட்சிக்கே ஓட்டுப் போடுகிறார்களே, ஏன்?

நியாயமான கேள்விதான். 1960-ஐ ஒட்டி இங்கே ஓர் ஆய்வில், "உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் மணம் செய்தால் வருந்துவீர்களா?" என்று கேட்டார்கள். ஆம் என்றவர்கள் இரு கட்சியிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 2010-ல் அதே கேள்விக்குக் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் ஆம் என்றார்கள். 2016-ல் செனட் தேர்தல் நடந்த ஒவ்வொரு மாநிலத்திலும், அதிபர் தேர்தலில் முந்திய கட்சியே செனட் இடத்தையும் பிடித்தது. மக்கள் நேரடியாகச் செனட்டரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. நான் பாலக்காட்டு எல்லையிலுள்ள முதலமடைக்காரன். மாந்தோப்பும் மலையடிவாரமும் பொள்ளாச்சி ரயில் பாதையும் உள்ள ஊர். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி. ஆனால் ஓட்டு என்று வந்தால் இடது முன்னணி அல்லது காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணி. கேரளத்தில் 1982 முதல் 2016 வரை இவ்விரண்டும் மாறி மாறி ஆண்டன. 2021-ல்தான் இடது முன்னணி தொடர்ந்து இரண்டாம் முறை வென்றது. 2011-ல் இரண்டுக்கும் இடையே இருந்த ஓட்டு வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. 140 இடங்களில் 72-க்கு 68. பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு சிறு கூட்டம் நகர்ந்துதான் ஆட்சியை மாற்றியிருக்கிறது.

அந்த விசுவாசம் கொள்கை விளக்கப் புத்தகத்தைப் படித்து வருவதில்லை. கூலி கேட்க யூனியன், கடன் கேட்கக் கூட்டுறவு சொசைட்டி, சண்டையைத் தீர்க்க வார்டு மெம்பர். கட்சி இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. தகப்பன் கட்சியே மகன் கட்சியாகிறது.

மொழிக்காக ஓட்டுப் போட்ட காலமும் உண்டு. தேவிகுளம், பீருமேடு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், 1954 தேர்தலில் 12 இடங்களில் வென்றது. 1956-ல் கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அவ்விரு தாலுகாக்களும் கேரளத்தில் நின்றன. 1957-ல் தேவிகுளத்தில் வென்றவர் கம்யூனிஸ்டுக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ். அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-ல் இடைத்தேர்தல் வந்தபோதும் அவரே வென்றார். அந்தப் பிரசாரத்தில் தோட்டத் தொழிலாளரிடையே பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டவர் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன். பாட்டு தமிழில், ஓட்டு அரிவாளுக்கு!

தமிழர் ஓட்டு மொழியிலிருந்து தொழிற்சங்கத்துக்கு மாறியதில் நன்மை இல்லாமல் இல்லை. கூலியும் பாதுகாப்பும் அதனால் கிடைத்தன. ஆனால் ஓட்டு எங்கே விழும் என்று தெரிந்துவிட்டால் கேட்பவருக்கு அவசரம் இருப்பதில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் இதைக் கண்டுகொண்டார்கள். போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். சமாதானம் பேச வந்த யூனியன் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தலைவர்கள் எல்லாக் கட்சியையும் சேர்ந்தவர்கள் என்பது கவனிக்க வேண்டியது. 'பெண்கள் ஒற்றுமை' என்ற பொருளில் 'பொம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் போனஸும் கூடுதல் தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. அடுத்து வந்த கூலிப் பேச்சில் நாட்கூலி 232-லிருந்து 301 ரூபாயானது.

அதே நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் சிலர் வென்றார்கள். 2016 சட்டமன்றத் தேர்தலிலோ அவர்கள் வேட்பாளருக்கு மிகச் சொற்ப ஓட்டு. மார்க்சிஸ்டுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன் மூன்றாம் முறையாக வென்றார். சாலையில் தலைவரைத் திருப்பி அனுப்பிய கை, வாக்குச்சாவடியில் பழைய சின்னத்தையே தேடியிருக்கிறது. இதை ஏமாளித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து வருடமும் ரேஷன் அட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட வருபவரை விட்டுவிட யாருக்கும் மனம் வராது.

முதலமடையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சேர்ந்த நெம்மாறைத் தொகுதி 2011, 2016, 2021 மூன்றிலும் மார்க்சிஸ்டுக் கட்சிக்கே போனது. பக்கத்துச் சித்தூர் வேறு மாதிரி. காங்கிரசின் அச்சுதனை 1996 முதல் நான்கு முறை அனுப்பிவிட்டு, 2016-ல் ஜனதா தளத்தின் கிருஷ்ணன்குட்டிக்கு மாறியது. ஆழியாற்றுத் தண்ணீர் விவகாரத்தில் ஊறிய அந்த விவசாயி 2018-ல் நீர்வளத்துறை அமைச்சரானார். அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சொன்னால் உடனே புரியும்: 2024-ல் இரு அதிபர் வேட்பாளர்களும் பென்சில்வேனியா, மிச்சிகன், ஜார்ஜியா போன்ற ஏழு மாநிலங்களையே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

எங்கள் பஞ்சாயத்திலேயே பரம்பிக்குளம் இருக்கிறது. அங்குள்ள பழங்குடியினர் பஞ்சாயத்து அலுவலகம் வர வேண்டுமானால், டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, சுற்றிக்கொண்டு கோவிந்தாபுரத்தில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. செம்மணாம்பதிக்கு நேரே ஒரு காட்டுப்பாதை கேட்டு எத்தனையோ தேர்தல்கள் போயின. இரு முன்னணியும் ஆண்டன. 2020 அக்டோபரில் தேக்கடிக் குடியிருப்பு மக்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு தாங்களே பாதை வெட்ட இறங்கினார்கள். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு அப்போது இரண்டே மாதம் இருந்தது.