பால்நிலை உணர்வும் சகபாடிகளும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தனர். காப்பு முதல் அம்புலி ஈறாக ஏழும் இருபாலார்க்கும் பொது. அதன்பின்னரே வழி பிரிகின்றது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர்; பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். பிரிப்பது விளையாட்டே என்பது நோக்கத்தக்கது. சிற்றிற் பருவத்திலே சிறுமியர் மணலிற் கட்டிய வீட்டைச் சிறுவன் காலாற் சிதைக்கின்றான்; அவர்கள் வேண்டாவென இரக்கின்றனர். இரு குழுவாகப் பிரிந்து ஒன்றையொன்று சீண்டும் பிள்ளைகளைப் புலவர் கண்டே பாடினர் போலும்.

இக்கால உளநூலாரும் இதனை அளந்து கண்டனர். எலினர் மக்கோபி, கரோல் ஜக்லின் எனும் அமெரிக்க அம்மையார் இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாலரை வயதுப் பிள்ளைகள் எதிர்ப்பாலாரோடு கழிக்கும் நேரத்தைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு நேரம் தம் பாலாரோடு விளையாடினர். ஆறரை வயதில் அது 11 மடங்காயிற்று.

ஆயின் ஒரு குழுவினுள் எல்லாரும் ஒருபடித்தானவர் அல்லர். மரமேறும் சிறுமியும் உளள். பந்தை விட்டுக் கொக்கான் வெட்டும் சிறுவனும் உளன். முன்னவளை உலகம் ஓரளவு பொறுக்கும், பின்னவனைப் பொறாது. கல்லூரி நாடகத்திற் சந்திரமதியாக வேடம் புனைந்த மாணவனுக்கு மண்டபமே கைதட்டும். மறுநாள் மைதானத்தில் அதே நடையைச் சொல்லிச் சகபாடிகள் எள்ளுவர். மேடையிற் கலை, கீழே இறங்கினாற் குற்றம்!

சூசன் ஈகன், டேவிட் பெரி என்போர் 2001இல் பால்நிலை அடையாளத்தைப் பகுத்துக் காட்டினர். தன் பாலாரை ஒத்திருப்பதாகப் பிள்ளை உணர்தல் ஒன்று; தன் பாலில் மனநிறைவு கொள்ளல் ஒன்று; அதற்கேற்ப நடவென்று பிறர் நெருக்குவதாக உணர்தல் பிறிதொன்று. முன்னிரண்டும் தன்மதிப்போடு கூடி நிற்க, நெருக்குதல் மிகுந்தவிடத்துத் தன்மதிப்புக் குறைந்திருக்கக் கண்டனர். எள்ளித் திருத்தலாம் என்பார் இதனைக் கருதுவாராக.

கட்டிளமைப் பருவத்திற் சிலர், தம் உள்ளுணர்வு உடலின் பாலோடு ஒவ்வாமையைத் தெளிவாக உணர்வர். இதனை உளநோய் வரிசையினின்றும் நீக்கிய வகைப்பாட்டை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றது. தொல்காப்பியரோ ஆண்மை திரிந்தாரை உயர்திணையிலேயே வைத்து இலக்கணம் வகுத்தார். கிளவியாக்கம் கற்பிக்கும்போது அச்சூத்திரத்தை நகைப்புக்கு அஞ்சி விரைந்து கடத்தல் தகாது என்பது எம் கருத்து.

மைதானத்திலும் ஆசிரியர்க்கு வேலை உண்டு. கிளித்தட்டுக்குத் தலைவர் இருவர் மாறிமாறி ஆள் தெரிவது வழக்கம். ஈற்றில் எஞ்சுபவன் ஆண்டு முழுதும் ஒருவனே. பழைய மாணவர் பலர் தம் வகுப்பில் அவ்வாறு நின்றவன் பெயரை இன்றும் சொல்லவல்லர். வரவு இடாப்பின் வரிசைப்படி யாமே அணி பிரித்தால், எவனும் எஞ்சி நில்லான். ஆட்டமும் ஐந்து நிமிடம் முந்தித் தொடங்கும்.