புதுக் கல்லும் முதல் தோசையும்

அன்புள்ள மகனுக்கு,

பெரியம்மா எழுதுவது. ஓசூரில் அறை பிடித்து, அடுப்பு வாங்கி, கூடவே வார்ப்பிரும்பு தோசைக்கல்லும் வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். முதல் தோசை கல்லிலிருந்து கொத்து பரோட்டாவாக வந்ததாம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், திருப்பிக் கொடுத்துவிட்டு நான்ஸ்டிக் வாங்கப் போகிறேன் என்றாயாம். கொஞ்சம் பொறு. புதுக் கல் ஒட்டத்தான் செய்யும். ‘ப்ரீ சீசன்ட்’ என்று சீட்டு ஒட்டி விற்பதுகூடத் தொடக்கம்தான், மீதியை நீதான் செய்யவேண்டும்.

சுத்த இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதில் மூன்றரை சதவீதம் அளவுக்குக் கரியும் கொஞ்சம் சிலிக்கனும் சேர்ந்தால் 1200 டிகிரியை ஒட்டியே உருகி ஓடும், மணல் அச்சில் ஊற்றிவிடலாம். வார்ப்பிரும்பு மலிவாகக் கிடைப்பது இதனால்தான். அந்தக் கரியே அதன் பலவீனமும். கீழே போட்டால் அலுமினியம் நெளியும், இது உடையும். கல்லை விரலால் தடவிப் பார். மணல் அச்சின் சொரசொரப்பு தெரியும். மாவு அந்த மேடுபள்ளங்களுக்குள் இறங்கி, வெறும் இரும்பைத் தொட்டு வெந்து, அங்கேயே பிடித்துக்கொள்கிறது. திருப்பியைக் கொண்டு எவ்வளவு சுரண்டினாலும் வராது.

கல்லைப் பழக்குவது என்றால் மாவுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு தோல் வளர்ப்பது. எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவிப் புகையும் அளவுக்குச் சூடாக்கினால், காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகிவிடும். அதன்பின் அது எண்ணெய் இல்லை. துடைத்தாலும் வராத, கறுத்த, வழவழப்பான படலம். நல்லெண்ணெய் இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். தேங்காயெண்ணெய் பெரும்பாலும் செறிவுற்ற கொழுப்பு என்பதால் அவ்வளவாக இறுகாது. (முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவளிடம் தோசைக்கல்லைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் பதில் வரும்.)

வடித்த கஞ்சியில் மூன்று நாள் ஊறப்போடு என்று உன் பாட்டி சொல்லியிருப்பார். போடலாம், தப்பில்லை. அச்சு மணலும் அழுக்கும் கழன்று வரும். ஆனால் கஞ்சி கல்லைக் கழுவுமே ஒழியப் பழக்காது. அதைத் தீயும் எண்ணெயும்தான் செய்யவேண்டும். ஊறப்போட்டு எடுத்ததும் துருவின் செந்நிறம் தெரிந்தால் பயப்படாதே, தேய்த்தால் போய்விடும்.

செய்முறை இதுதான். சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேங்காய் நாரால் ஒருமுறை அழுத்தித் தேய். அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகும்வரை காயவை. அரை தேக்கரண்டி நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு, மேலும் கீழும் விளிம்பும் கைப்பிடியும் விடாமல் தடவு. பிறகு வேறொரு துணி எடுத்து, எண்ணெய் தடவவே இல்லை என்று நினைக்கும்படி துடைத்துவிடு. பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். தாராளமாக விட்டால் படலம் இறுகாது, பிசுபிசுவென்று கையில் ஒட்டும். துடைத்த கல்லை ஜன்னலைத் திறந்துவைத்து, புகை எழுந்து அடங்கும்வரை சூடாக்கு. ஆறவிடு. இதையே நாலைந்து முறை செய். சாம்பல் நிறக் கல் முதலில் பழுப்பாகி, அப்புறம் கறுக்கும். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். சமைக்கச் சமைக்கச் சமன்படும்.

கல் காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்கிறோம் இல்லையா, அதைக் கவனித்துச் செய். சொய்யென்று உடனே ஆவியானால் சரியான பதம். துளி முத்துமுத்தாக உருண்டு ஓடினால் கல் 200 டிகிரியை எட்டிவிட்டது அல்லது தாண்டிவிட்டது; துளிக்கு அடியில் ஆவி மெத்தை போட்டுவிடுவதால்தான் அது கல்லைத் தொடாமல் ஓடுகிறது. அந்தச் சூட்டில் மாவை ஊற்றினால் தேய்க்கும் முன்பே இறுகி, கரண்டியோடு சுருண்டு வரும். ஓட்டல் மாஸ்டர் ஒவ்வொரு தோசைக்கு முன்னும் தண்ணீர் தெளித்துத் தென்னந்துடைப்பத்தால் ஒரு வீச்சு வீசுவது மேற்பரப்பின் சூட்டை இறக்கத்தான். நீ பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும்.

அவசரப்பட்டுத் தீயைக் கூட்டாதே. வார்ப்பிரும்பைவிட அலுமினியம் சுமார் நாலு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இந்தக் கல்லில் நடு கொதிக்கும்போது ஓரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் விட்டுவிடு. சூடேறத் தாமதமானாலும், ஏறிய சூட்டைக் கனமான கல் லேசில் விடாது. குளிர்ந்த மாவை ஊற்றினாலும் தாங்கும். தோசை முறுகுவது அதனால்தான். இண்டக்ஷன் அடுப்பிலும் வேலை செய்யும். ஆனால் கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வை.

சோப்பு பட்டால் கல் கெட்டுவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காரம் மிகுந்த பழைய சவுக்காரத்துக்குச் சொன்னது அது. இன்றைய பாத்திரம் கழுவும் திரவம் இறுகிய படலத்தை ஒன்றும் செய்யாது. கெடுப்பவை வேறு: இரவெல்லாம் தொட்டியில் ஊறுவது, கம்பி நார், சூடான கல்லில் குடம் தண்ணீரைக் கொட்டுவது, புளிக்குழம்பு. தக்காளியும் புளியும் படலத்தை அரித்து இரும்பை உணவில் இறக்கும். 1986இல் அமெரிக்க உணவியல் சங்க இதழில் வந்த ஆய்வொன்றும், புளிப்பும் ஈரமும் வேகும் நேரமும் கூடினால் உணவில் இரும்பு கூடுவதைக் காட்டியது. அளவோடு இறங்கும் இரும்பு பலருக்கு நல்லதே. ஆனால் ரத்தசோகைக்குத் தோசைக்கல்லை மருந்தாக நம்பாதே, டாக்டரைப் பார்.

சப்பாத்தியும் அந்தக் கல்லில் வேண்டாம். எண்ணெயில்லாமல் நெடுநேரம் காய்கிற கல்லில் படலம் எரிந்துபோகும். மறுநாள் தோசை ஒட்டும். அறை நண்பன் வடநாட்டுப் பையன் என்றாய். அவனுக்குத் தனிக் கல் வாங்கிக் கொடு, சிநேகிதம் நிலைக்கும்.

கழுவியதும் அடுப்பில் காட்டி உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வை. ஊருக்கு வந்த நாட்களில் துருப்பிடித்துவிட்டால் தூக்கிப் போடாதே. புளியைக் கரைத்துத் தேய்த்தால் துரு கரையும். உடனே அலசி, உலர்த்தி, மறுபடி முதலிலிருந்து பழக்கு.

இந்த ஞாயிறு எண்ணெய் காட்டி முடித்துவிடு. முதல் வாரம் முட்டையும் ஊத்தப்பமும் மட்டும், எண்ணெய் கொஞ்சம் தாராளமாக. மெல்லிய தோசைக்கு அடுத்த வாரம் போகலாம். அப்படியும் ஒட்டினால் போனில் கூப்பிடு, கல்லின் படமும் அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா