லயத்துக்குப் பின் எந்த வீடு?

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்து வருகின்றன. தொழிலாளருக்குக் குடியிருப்பு அளிப்பதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கிற்று. எனவே வாடகைச் சுமை இல்லை. ஆனால், லயம் வேலையோடு பிணைந்தது. குடும்பத்தில் வேறு எவரும் தோட்டப் பணியில் இல்லையெனில், ஓய்வு பெற்றவர் அதைக் காலி செய்ய வேண்டும். பிறர் இளமையிலேயே சிந்திக்கும் சொந்த வீடா, வாடகை வீடா என்னும் வினா, இவர்கள்முன் முதுமையில் எழுகிறது.

அப்போது கைக்கு வரும் தொகைகளுள் முக்கியமானது பணிக்கொடை. ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில், 30 ஆண்டுகள் உழைத்தவருக்கு 450 நாள் ஊதியம் கிடைக்கும். இதனைக் கொண்டு நிலமும் வாங்கி வீடும் கட்டுவது அரிது. கடன் வாங்கினால், மாதத் தவணை செலுத்த ஊதியம் இராது.

ஆகவே முடிவைப் பணிக்காலத்திலேயே எடுத்தல் நலம். முதலில் சிறு மனை, பின்னர் வீடு என்பதே ஏற்ற வரிசை. பிள்ளைகள் போடி, தேனி போன்ற ஊர்களில் வேலை தேடும் நிலையிலிருந்தால், அவர்கள் நிலைபெறும் வரை வாடகை வீடே சிக்கனமானது.

மனை வாங்குவோர் பட்டா, மூல ஆவணம், நிலவரி ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பட்டாவின் நிபந்தனைகள் வீடு கட்ட இடமளிக்கின்றனவா என்பதையும் அறிய வேண்டும். மலைச்சரிவையும் ஓடையையும் நேரில் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடி, 70 உயிர்களைப் பறித்தது. விலை மலிவு என்பதற்காகச் சரிவில் மனை வாங்குவது சேமிப்பாகாது.